முப்பது வயது ரன்னிங் பேக்கை வாங்கலாமா?

கேள்வி: நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் ஃபேன்டஸி ஃபுட்பாலில், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் முப்பதை நெருங்குகிறார் என்றாலே எல்லோரும் தலைதெறிக்க ஓடுகிறார்களே, ஏன்?

பதில்: ஓடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளைச் சாய்ப்பது வயதைவிட, அதுவரை வாங்கிய அடிதான். பந்து கைக்கு வந்த மறுநொடியே நூறு கிலோவுக்கு மேற்பட்ட தடியர்கள் இடுப்பிலும் முழங்காலிலும் வந்து மோதுவார்கள். ஷான் அலெக்சாண்டர் 2005-ல் 370 முறை பந்தைச் சுமந்து 1,880 கஜம் ஓடினார். மறு ஆண்டே பாத எலும்பு முறிந்து 896 கஜத்தோடு நின்றார். டாட் கர்லி 2018-ல் 21 டச்டவுன் போட்டவர். முழங்கால் கைவிட்டதால் 26 வயதிலேயே அவர் ஆட்டம் முடிந்தது.

‘டெரிக் ஹென்றி 30 வயதில், 2024-ல் 1,921 கஜம் ஓடவில்லையா?’ என்பீர்கள். ஓடினார், ஓடியே 16 டச்டவுனும் போட்டார், பார்க்கக் கொள்ளை அழகு! ஆனால் அவருக்கு அசாத்திய உடம்பு. பக்கத்தில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் வேறு. எந்த நொடியிலும் அவரே பந்தோடு பாய்ந்துவிடுவார் என்பதால் எதிரணியால் ஹென்றியை மட்டும் முற்றுகையிட முடியவில்லை. இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு உண்டு?

ஆகவே உங்கள் லீக் எந்த வகை என்று பாருங்கள். ஒரே சீசன் என்றால், ஊரே பயந்து விலையை இறக்கிய மூத்தவரைத் தைரியமாக எடுங்கள். அடுத்த ஆண்டு அவர் முழங்கால் உங்கள் கவலையல்ல. ஆண்டுக்கணக்கில் வீரர்களை வைத்திருக்கும் டைனஸ்டி லீக்கா? அங்கே எந்த ரன்னிங் பேக்கையும் உச்சத்தில் இருக்கும்போதே, 26 வயதில் விற்றுவிடுங்கள்.