குரங்கு விரட்டுற வித்தை

வாடா பேராண்டி. இஸ்தோப்புல இப்படிக் குந்து. வெத்தலைய மடிச்சிக்கிட்டே பேசுறேன்.

வைத்தியம் முடிஞ்சு நீ வந்து இன்னைக்கு இருவது நாள். காலங்காத்தால கோடிப்பக்கம் நின்னு காத்தைத் தடவிக்கிட்டு இருக்கியாம், லயமே பேசுது. அடுத்த காம்பராக்காரி உங்க பாட்டிகிட்ட வந்து, "புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு, முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. ஐஸ்ங்கிற போதை உன்னப் புடிச்சிருந்தப்ப எட்டிப் பார்க்காதவ. ஐஸ் விட்டதும்தான் பேய் புடிச்சிருச்சாம்!

கேட்டா தாய்ச்சி, சீனாக்காரன் மெதுவா ஆடுற வித்தைங்கிற. எனக்குப் பொரிக்கிற தாச்சிதான் தெரியும். சரி, போன்ல நீ காட்டின சீனக் கிழவனை நானும் பார்த்தேன். அந்த வேகத்துல கொழுந்து எடுத்தா கணக்கப்புள்ள அரைநாள் பேர்கூடப் போட மாட்டாரு. ஆனா ஒரு இடத்துல நிமிர்ந்து உக்காந்தேன். கையை முன்னால தள்ளிக்கிட்டே காலைப் பின்னால வைக்கிறான் பாரு, அதுக்குப் பேரே 'குரங்கை விரட்டுறது'ன்னு சொன்னியே, அங்கதான்.

குரங்கைப் பத்தி மாத்தளைக்காரனுக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். தேங்கா, கொக்கோ, பலா, எதை விட்டு வச்சிச்சு? 2023ல ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போறதாக் கொழும்புல பேசினாங்க. பேச்சு போச்சு, குரங்கு போகல. 2025 மார்ச் 15ந் தேதி காலையில எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் நாடே நின்னு குரங்கு எண்ணுச்சு. எண்ணி முடிச்ச கையோட அது பாட்டுக்குப் பலாவுல ஏறுச்சு. கடைசியில பாரு, நாம குரங்கை அனுப்பல, சீனாக்காரன் விரட்டுற வித்தைய அனுப்பிட்டான்.

அவனுக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்குடா. வெள்ளைக்காரனுக்குச் சீனத் தேயிலை வேணும், அதுக்கு வெள்ளியாக் கொட்டிக் கட்டுப்படியாகல. இந்தியாவுல வெளைஞ்ச அபினை அங்க வித்து, அந்தக் காசுல தேயிலை வாங்கினான். 1839ல லின் சேசூன்னு ஒரு அதிகாரி அபினைப் புடிச்சு அழிச்சாரு. சண்டை மூண்டுச்சு, சீனா தோத்துச்சு. பிறகு வெள்ளைக்காரனே நம்ம நாட்டுல, 1867ல லூல்கந்துரத் தோட்டத்துல தேயிலை போட்டான். கோப்பிக்குன்னு மன்னார்லருந்து நடந்தே மாத்தளைக்கு வந்த சனத்து முதுகுல கொழுந்துக் கூடை ஏறுச்சு. அபினுக்கும் நம்ம கூடைக்கும் அப்படி ஒரு உறவு.

போதையில அடிபட்ட நாடு சும்மா இருக்குமா? ஷாங்ஹாய்ல ஐஸ் மாதிரிச் சரக்குக்கு அடிமையானவங்களுக்கு, மறுவாழ்வு நிலையத்துலயே மாசக்கணக்காத் தாய்ச்சி சொல்லிக் குடுத்துப் பார்த்திருக்காங்க. தூக்கம் தேறியிருக்கு, உடம்பு நிதானம் தேறியிருக்கு. அதோட நிறுத்திக்க. தாய்ச்சி ஆடினாப் போதை பறந்துரும்னு எவனாச்சும் சொன்னா, அவன் சட்டைப்பையத் தடவிப் பாரு, விக்கிறதுக்கு ஏதோ வச்சிருப்பான்.

அது ஊன்றுகோல்டா, கால் இல்ல. குடுங்கிற ஹெரோயினை விட்டவனுக்கு மொத வாரம் உடம்பு முறிக்கும், வயிறு போகும். அது டொக்டர் பாடு. மேல் லயத்து மாமன் கசிப்புச் சாராயத்தை ஒரே நாள்ல விடுறேன்னு வீரம் பேசுறானே, பழகின உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரும், ஆஸ்பத்திரியில கேட்டுட்டு விடச் சொல்லு. ஐஸுக்குன்னு தனியா ஒரு மாத்திரை இன்னும் வரல. பேச்சு, ஒழுங்கு, தூக்கம், கூட ஒரு ஆள், இதுதான் மருந்து. முடியலன்னா 1927ங்கிற நம்பருக்குப் போன் அடி. 1984ல தொடங்கின தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. அந்தப் பேரை ஒரு மூச்சுல சொல்லிப் பாரு, சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதி ஆசை அடங்கிரும்.

மீதிப் பாதிதான் குரங்கு. போன தடவை நீ அதைக் கல்லால அடிச்சே. அம்மன் சந்நிதியில சூடத்தை அணைச்சு, "இனித் தொட்டா என் கை அழுகட்டும்"னியே. நாலாம் நாள் கை அழுகல, நீதான் அழுதே. கல்லெறிஞ்சாக் குரங்கு பல்லைக் காட்டும், முதுகைக் காட்டி ஓடினாத் துரத்தும். சீனக் கிழவன் ரெண்டும் செய்யல. மூஞ்சியத் திருப்பாம, ஒரு எட்டு பின்வாங்கி, மெதுவாத் தள்ளுறான். 1956ல சுருக்கின தாய்ச்சியோட 24 அசைவும் அஞ்சாறு நிமிஷத்துல முடிஞ்சிரும். உச்சிக்கு ஏறுற ஆசை பெரும்பாலும் அரைமணிக்குள்ள எறங்கிரும். நாலஞ்சு தரம் ஆடு. பலா கிடைக்காத மரத்துல குரங்கு எவ்வளவு நேரம் குந்தும்?

ஆனா குரங்கு நாளைக்கே கிளம்பிராது, அதுவும் கேட்டுக்க. கவ்வாத்து வெட்டின தேயிலையப் பார்த்திருக்கியே, மொட்டைக் குச்சி. மாசக்கணக்கா ஒரு இலை எடுக்க முடியாது. அதுக்காக எவனாச்சும் வேரைத் தோண்டியா பார்க்கிறான்? ஐஸ் உனக்கு அவசரத்தைப் பழக்கியிருக்கு. தாய்ச்சியோட மெதுவு இப்ப உன் கையைக் காலைக் குத்தும், குத்தட்டும்.

என்னடா சிரிக்கிற? என் வாயைப் பார்க்கிறியா? ஆமா, வெத்தலையில பொயிலைதான். அம்பது வருஷக் குரங்கு, என் கடவாயிலயே குடியிருக்கு. இந்த நாட்டு ஆம்பளைக்கு வாயிலதான் புத்துநோய் கூடுதலா வருதுன்னு டொக்டர் சொன்னப்ப, "எனக்கு வராது"ன்னு உன்ன மாதிரியே சொன்னவன்தான் நான்.

நாளைக்கு விடியக்காலையில எழுப்பு. பெரட்டுக்கு முந்தி கோடிப்பக்கம் ரெண்டு பேரா நிப்போம். நீ உன்னுதைத் தள்ளு, நான் என்னுதைத் தள்ளுறேன். அடுத்த காம்பராக்காரி நேர்த்தி ரெண்டா வைக்கட்டும்.

இந்தா, இந்தப் பொயிலைய நீயே எடுத்து வை. எங்க வச்சேன்னு மட்டும் எனக்குச் சொல்லிராத.