பத்து டாலரின் பலம்

கேள்வி: உள்ளாட்சித் தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பு வைத்தால் பயன் உண்டா?

பதில்: நியூயார்க் நகரில் உண்டு. இதற்கான 2018 மக்கள் வாக்கெடுப்புக்குப் பின், பொதுநிதித் திட்டத்தில் சேரும் மேயர் வேட்பாளர், ஒரு நன்கொடையாளரிடம் வாங்கக்கூடிய தொகை 5,100 டாலரிலிருந்து 2,000 ஆனது. மாநகராட்சியோடு தொழில் தொடர்புள்ளவர் என்றால் வெறும் 400. டெண்டர் எடுப்பவரின் கை நீளக் கூடாதல்லவா!

வேலி மட்டும் போட்டால் பயிர் வளராது, தண்ணீரும் வேண்டும். நகரவாசி பத்து டாலர் தந்தால், இத்திட்டத்தில் தகுதி பெற்ற வேட்பாளருக்கு மாநகராட்சி எண்பது சேர்க்கிறது, கையில் தொண்ணூறு. சாமானியர் வீட்டுக் கதவைத் தட்டவும் வேட்பாளருக்கு இப்போது காரணம் இருக்கிறது.

ஓட்டை ஒன்றுண்டு: வேட்பாளரோடு சேராமல் வெளியார் தனியே செய்யும் செலவுக்கு வரம்பு கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.