மேல்நாட்டுக்குக் கீழே

முள்ளுக்குறிச்சி, நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள ஊர். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு இலக்கணம் வைத்த பெயர். அந்தக் கணக்கில் ஊர் மலைமேல் இருந்திருக்க வேண்டும். இதுவோ கீழேயே உட்கார்ந்துகொண்டு மலையை அண்ணாந்து பார்க்கிறது. ஏறச் சோம்பல்பட்ட குறிச்சி போலும்.

சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு, மஞ்சள் காடு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்று சொன்னால் இங்கே புரியும். ஆனால் கிழங்கு விலை கேட்க வந்த ஆள் இல்லை என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். மஞ்சளுக்குப் பக்கத்திலேயே நாமகிரிப்பேட்டைச் சந்தை. அந்தப் பேட்டை நாகஸ்வர வித்வான் கிருஷ்ணனாலும் பெயர் வாங்கிய ஊர்.

கொல்லிமலைக்கு ஏற இரண்டு தார்ச்சாலைகள். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வாந்தி எடுத்தவர்கள்கூட எத்தனையாவது வளைவில் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. முள்ளுக்குறிச்சி வழியில் வளைவு குறைவு, ஆகவே புகழும் குறைவு. காரவள்ளிப் பக்கம் மண் சரியும்போதுதான் இந்தப் பாதையின் நினைவு பலருக்கு வருகிறது.

மேலே போனால் நாடுகள். தமிழர்கள் மேல்நாடு என்று ஐரோப்பாவைக் குறிப்பதுண்டு. முள்ளுக்குறிச்சிக்கு நிஜமான மேல்நாடு தலைக்கு மேலேயே இருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று நீளும் இவை ஒவ்வொன்றும் சில சிற்றூர்களின் தொகுப்புதான். ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டாம், நல்ல முழங்கால் வேண்டும். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று வழக்குத் தீர்க்கப் பரம்பரைத் தலைவர்கள் இருந்தார்கள்; பிறகு ஊராட்சித் தலைவரும் வந்து சேர்ந்தார். அசல் மேல்நாடான பிரான்சிலும் கதை இப்படித்தான்: சுமார் 35,000 கம்யூன்கள், எவ்வளவு சின்ன ஊரானாலும் அதற்கென்று ஒரு மேயர்.

மலைவாசிகளின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்பது பெயருக்குச் சொல்லப்படும் பொருள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொன்றில் குடியேறியதாக அவர்களுடைய மரபுக்கதை. பாகப்பிரிவினையில் ஆளுக்கொரு மலை கிடைத்தும் வாய்க்கால் வரப்புச் சண்டை பற்றி அந்தக் கதையில் ஒன்றும் இல்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

மலையின் பழைய பிரபலம் கொல்லிப்பாவை. பகைவரைச் சிரித்தே கொல்லும் பாவை என்பது ஐதீகம்; நகைச்சுவை எழுதுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய திறமை. இன்னொரு பிரபலம் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூறு பாராட்டுகிறது. ஐந்தும் எப்படி வரிசையில் நின்றன என்று யாரும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் மனிதர்கள்கூட அப்படி நிற்பதில்லை. ஆடி 17, 18 தேதிகளில் மலைமேல் உள்ள செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. அப்போது அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் போகிற கூட்டம் மலை கொள்ளாது.

மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. காபி, அன்னாசி, மலைவாழை உண்டு. சாமையும் தினையும் முன்பு போல விளைவதில்லை. கீழே வந்து சர்க்கரை நோயாளிகளின் சிபாரிசு கிடைத்தபின் அவற்றின் மதிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. பலாப்பழக் காலத்தில் கீழிறங்கும் பேருந்தில் ஏறினால் விஷயம் விளங்கும். படிக்கட்டுப் பக்கம் நாலு பழம், இருக்கைக்கடியில் இரண்டு, மிச்சம் பயணிகளின் மடியில். வளைவு திரும்பும்போதெல்லாம் பழம் ஒரு பக்கம் உருளும், கால்கள் மறுபக்கம் ஒதுங்கும். “யாருதுங்க இது, லக்கேஜ் போட்டீங்களா?” என்று நடத்துநர் கேட்கும் நேரம் பார்த்து மொத்தப் பேருந்தும் ஜன்னல் வழியே இயற்கையை ரசிக்கும். பழத்துக்கு வாரிசு கிடைப்பது முள்ளுக்குறிச்சி வந்த பிறகுதான். ஊர்ப்பெயரில் இருக்கும் முள் எது என்று அதுவரை யோசித்து வந்தவர், அதற்குள் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.