வீட்டைத் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போன கதை

டால்பி, குயின்ஸ்லாந்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நாகலாபுரத்தில் மழை உண்டா என்று கேட்க மாட்டேன். கேட்டால் இருக்கிற மேகமும் கலைந்துவிடும் என்பீர்கள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தோம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. இங்கே ஓய்வு பெற்றவர்கள் இப்படி ஒரு வண்டியில் ஏறி மாசக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். நம் பக்கம் அறுபது தாண்டினால் காசி, ராமேஸ்வரம். இவர்களுக்கு நிறுத்துகிற இடமெல்லாம் காசி. ஒரே சங்கடம், கக்கூஸ் தொட்டி நிறைந்தால் நாமே உருவித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். 'மகன் ஆஸ்திரேலியாவில் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லிவைக்காதீர்கள்.

பிரிஸ்பேனிலிருந்து டுவும்பா மலையேறி மேற்கே போனால் டார்லிங் டவுன்ஸ் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்! அங்கேதான் நம் அக்கா வீட்டு மச்சான் பருத்திப் பண்ணையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். வண்டியைப் பார்த்ததும் அக்கா கேட்டது: "ஏன்டா, எங்க வீட்ல விரிக்கப் பாய் இல்லைன்னா வீட்டையே தூக்கிட்டு வந்திருக்க?"

மச்சான் சரளை போட்ட இடத்தில்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். கரிசலில் விட்டு ராத்திரி ஒரு மழை விழுந்தால், இழுக்க வரும் டிராக்டரும் சேர்ந்து பதியுமாம். இதை எனக்குச் சொல்ல வேண்டுமா? நம் ஓடைப் பாதையில் செருப்பைப் பறிகொடுத்தவன்தானே நான்!

அன்று பண்ணைக்கு லீவு. மைக்செட் இல்லை, பஸ் ஹாரன் இல்லை. விருந்தாளி யார், எந்த ஊர் என்று எட்டிப்பார்க்கத் தெருவும் இல்லை. பத்து மணிக்குமேல் பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். தொப்பியைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறினார். பருத்தி வெடித்துக் கிடக்கிறது, இப்போது பெய்துவிடக் கூடாது, எடுத்து முடித்த மறுநாள் பெய்ய வேண்டும் என்றார். மழைக்கே நாள் குறித்துக் கொடுக்கிற சம்சாரி! வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டால் நம் டீக்கடை பெஞ்சில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடலாம்.

காட்டோரமாகப் பருத்தி உருளை உருளையாகக் கிடந்தது. எடுக்கிற மெஷினே மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிக் கீழே தள்ளிவிடுகிறது. ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். மெஷினை ஓட்ட ஏசி அறைக்குள் ஒரே ஆள். நம் காட்டில் மடி கட்டிப் பருத்தி எடுக்கிற பெண்கள் ஒரு நிரை முடிப்பதற்குள் ஊர்ப்பொரணி முழுதும் பேசி முடித்துவிடுவார்கள். பாவம், இவனுக்கு ரேடியோதான் துணை.

மத்தியானம் மச்சான் பூனார்கா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு புழுவுக்கு மண்டபம் இருக்கிறது! ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இரண்டு கோடி ஹெக்டேருக்கு மேல் சப்பாத்திக்கள்ளி மண்டிக் குடும்பங்கள் காட்டை விட்டே ஓடின. 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதன் புழு கள்ளியை உள்ளிருந்தே தின்று, சில வருஷத்தில் நிலத்தை மீட்டுக் கொடுத்தது. அந்த நன்றிக்கு 1936-இல் கட்டியது இந்த மண்டபம். நம் வேலிக்கருவேலை இப்படி ஒரு புழு தின்றிருந்தால், மண்டபத்தோடு விட்டிருப்போமா? கோயில் கட்டி வருஷாவருஷம் கொடை கொடுத்து, கிடா வெட்டியிருப்போம். இதில் இன்னொரு கூத்து: ஆட்டுக்கு நிழலாகட்டும் என்று இவர்கள் வளர்த்த நம் நாட்டுக் கருவேலம் மேற்கே பரவி, ஒழிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். இங்கே சோளம் அறுத்த தட்டையைக் காட்டிலேயே விட்டு, உழாமலே அடுத்த வெள்ளாமை விதைக்கிறார்கள், ஈரம் போகக் கூடாதென்று. இந்த மண்ணை அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நம் வடகாட்டை சோலார்க்காரர்கள் விலைக்குக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். சோலார் தகட்டுக்கு எந்தப் பொட்டலும் போதும். பருத்திக்குக் கரிசல்தான் வேண்டும். தைக்கு வருகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்