பழந்துணி மெத்தை விரிப்பின் தோற்றமும் தடைகளும்: நெய்வேலி–நெல்லிக்குப்பம் வட்டார ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டை, யாரும் கட்டாத சேலை, அப்பா ஓய்வுபெற்ற பின் போடாத சீருடை ஆகியவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, மெத்தை விரிப்பாகத் தைத்து ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. இதைப் பற்றித் தொல்காப்பியர் எதுவும் சொல்லவில்லை. அவர் காலத்தில் பீரோ இல்லாதது காரணமாகலாம். அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வு விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு வீட்டில் நூறு துணி பழசாகும்போது, எந்தத் துணி ஞாபகமாகிறது, எது கரித்துணியாகிறது?

2. ஆய்வுக் களம்

நெய்வேலியை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனாலும் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணில் பட 1961 ஆயிற்று. அதுவரை வெட்டியதெல்லாம் மேல்மண். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பீரோவும் அப்படித்தான். மேலே தினம் கட்டும் சேலைகள், அதன் கீழே விசேஷத்துக்கு மட்டும் கட்டுபவை, அதன் கீழே யாரோ வைத்துக் கொடுத்து இன்னும் பிரிக்காத ரவிக்கைத் துணிகள். இத்தனையையும் அகற்றிய பிறகே படுகை.

வேறு ஊர்களில் இந்தப் படுகை தலைமுறைக் கணக்கில் தோண்டப்படாமல் கிடக்கும். நெய்வேலியில் அதற்குக் கெடு உண்டு. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பதினேழாவது வட்டமோ இருபத்தேழாவது வட்டமோ, சாவியைக் கொடுக்கும் நாள் நெருங்கும்போது பரணில் இருப்பதெல்லாம் கூடத்துக்கு இறங்கிவிடும். எங்கள் குடும்பத்தில் அது பண்ருட்டி வழியாக நெல்லிக்குப்பத்துச் சொந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. லாரியில் இடம் குறைவு. ஆய்வு தொடங்கியது.

முதன்மைத் தகவலாளர் என் அம்மா. ஒவ்வொரு துணிக்கும் அவரிடம் தயாராக இருந்த ஒரே விளக்கம்: "அத மட்டும் தொடாத."

3. பிற நாட்டார் வழக்குகள்

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி வைத்து, அவற்றின் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத் தையலில் காந்தா போர்வை தைப்பார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி விரிப்பில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் 'பூ' வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அது அம்மணமாக இருப்பதாக அர்த்தம். பௌத்தத் துறவியின் ஆடையே வயலும் வரப்பும் போலத் துண்டுகளை இணைத்துத் தைத்ததுதான்.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில், 1942இல், மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளையும் பருத்திச் சாக்குத் துணியையும் சேர்த்து ஒரு விரிப்புத் தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பின்னாளில் அந்த ஊர் விரிப்புகள் அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 1987 அக்டோபரில் வாஷிங்டனில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக உறவினரும் நண்பர்களும் தைத்த 1,920 துண்டுகள் ஒரே விரிப்பாக விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆள் படுக்கும் அளவு.

நம் பக்கம் இதற்கு ஒரு தடை இருக்கிறது. இறந்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். அதே சமயம், சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, கல்யாணத்துக்கு முன் புதுச்சேலை வைத்துப் படைப்பதும் இதே வட தமிழக மாவட்டங்களில்தான். அதாவது, ஆள் நினைவுக்கு வேண்டும். ஆனால் துணி புதிதாக இருக்க வேண்டும். பழந்துணி விரிப்பு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது என்பதைப் பெரியவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

4. துணியின் பதவியிறக்கம்

தமிழ் வீட்டில் துணி ஓய்வு பெறுவதில்லை. பதவி மட்டும் இறங்கும். வேட்டி நைந்தால் இட்லித் துணி. அதுவும் ஓட்டை விழுந்தால் மொட்டைமாடியில் வடகம் காயப்போட. சேலை நைந்தால் முதலில் தூளி. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான சேலைதான் அதன் முதல் வீடு. பிள்ளை வளர்ந்ததும் அதே சேலை இரண்டாகக் கிழிபட்டு, ஒரு பாதி தலையணை உறையும் மறு பாதி கரித்துணியுமாகும். கரித்துணி பிறகு தரைத்துணி. தரைத்துணி பிறகு வண்டி துடைக்கும் துணி. அப்பாவின் பனியன் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேராக டிவிஎஸ் வண்டிக்குப் போய்விடும்.

இந்த ஏணியில் எந்தப் படியிலும் மெத்தை விரிப்புக்கு இடமில்லை. ஆகவே விரிப்புக்குத் துணி வேண்டுமென்றால் அதை வேறு யாரிடமிருந்தாவது பறிக்க வேண்டும். பெரும்பாலும் சமையலறையிடமிருந்து.

5. சந்தையின் தலையீடு

இதற்கு மேல் இரண்டு போட்டியாளர்கள். முதலாமவர் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வருபவர். ஜரிகை வைத்த சேலையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக் காட்டுவார். நாம் மூடி போட்ட டப்பா கேட்போம். இரண்டாமவர் பழைய பட்டுப்புடவை வாங்குபவர். அவருக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. அந்தச் சேலையை யார் எந்தக் கல்யாணத்துக்குக் கட்டினார் என்று சொன்னால் தராசு அசையாது.

இவர்கள் வந்துபோன பின் கூடத்தில் மிஞ்சியவற்றைப் பட்டியலிட்டேன். அவற்றில் சில மட்டும் இங்கே. பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்று, இடுப்பில் மூன்று முறை இறக்கிவிட்ட மடிப்புத் தடத்தோடு. அப்பாவின் சுரங்கச் சீருடைச் சட்டை, காலர் திருப்பித் தைத்தது. செம்மண் ஏறிய சிறுவர் காற்சட்டை. மார்பில் பழுப்புக் கறையோடு ஒரு மஞ்சள் கவுன்.

கறைக்குத் தனிக் குறிப்பு தேவை. இது பண்ருட்டிச் சீமை. பலாப்பால் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவி ஓரளவு எடுக்கலாம். முந்திரிப் பழச்சாறு பட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது; துவைக்கத் துவைக்கக் கறை இன்னும் பழுப்பாகும். மற்றத் துணிகளில் யார் போட்டது என்று யோசிக்க வேண்டும். முந்திரிக் கறை உள்ள துணிக்கு ஆள், தோப்பு, அன்று வாங்கிய அடி எல்லாம் உடனே தெரிந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பாத்திரக்காரர் விலை சொல்லாத, தராசு ஏற்காத, சமையலறையும் வேண்டாமென்ற துணியே ஞாபகத் துணி. பெட்வேயின் விரிப்புக்கும் வேலைக்குப் போட்டு வெளிறிய துணிதானே ஆனது? பட்டுப்புடவை ஞாபகமாக முடியாது; அதற்கு வேறு வாய்ப்புகள் இருக்கின்றன.

6. செய்முறை

ஒற்றைக் கட்டிலுக்கு ஐந்தடிக்கு ஏழரை அடி விரிப்பு என்று வைத்துக்கொள்வோம். எட்டு அங்குலச் சதுரம் வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், அகலத்தில் 8, நீளத்தில் 12, மொத்தம் 96 சதுரம். பெரியவர் சட்டையின் முதுகில் நான்கு தேறும். ஐந்து வயதுக் கவுனில் இரண்டு தேறினால் அதிகம். குழந்தைத் துணியை மட்டும் வைத்துத் தைப்பதாக இருந்தால் வீட்டில் நான்கு பிள்ளைகளாவது பிறந்திருக்க வேண்டும்.

டெரிகாட்டன் சுருங்காது, பருத்தி சுருங்கும். அதனால் எல்லாவற்றையும் முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். டி-ஷர்ட் துணி இழுத்த பக்கம் போகும். பின்னால் கேன்வாஸ் ஒட்டாமல் மெஷினில் வைத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

கடைசி இடர்ப்பாடு, கத்தரிக்கோல். தகவலாளர் தன் கையால் வெட்ட மறுத்தார். நான் வெட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து, "கறையோட வெட்டு, கறைய விட்டுட்டு வெட்டாத" என்றார். விதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. பயன்பாடு

சித்திரையில் கடலூர் மாவட்டத்தில் இரட்டைத் துணி விரித்துப் படுப்பவர் எவருமில்லை. மார்கழியில் இரண்டு வாரம் போர்த்தலாம். ஆனால் அழுக்காகிவிடும் என்று போர்த்த விடமாட்டார்கள். விருந்தாளி வரும்போது எடுத்துக் காட்டுவதும், காட்டி முடித்ததும் பாச்சை உருண்டை போட்டு மடித்து வைப்பதுமே நடைமுறைப் பயன். முப்பது துணி பிடித்த இடத்தை இப்போது ஒரு விரிப்பு பிடிக்கிறது. இதை ஆய்வு ஒரு வெற்றியாகவே பதிவு செய்கிறது.

8. பரிந்துரைகள்

அ. ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போதே துணிகளைப் பிரிக்கத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் முடியாது.

ஆ. யார் துணியை வெட்டுகிறோமோ அவர் உயிரோடிருந்தால், வெட்டும் நேரத்தில் அவரை ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவது நலம்.

இ. முந்திரிக் கறையுள்ள துணிக்கு விரிப்பின் நடுவில் இடம் தர வேண்டும்.

ஈ. சதுரம் வெட்டியபின் மிஞ்சும் காலர், கைமடிப்பு, பொத்தான் பட்டை முதலியவற்றை எறியலாமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தகவலாளர் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டார், தலையணைக்கு ஆகுமாம்.