காய்சீவியும் தாய்லாந்தும்

எங்கள் பெரியம்மை வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு காய்சீவி கிடக்கிறது. 1996-இல் நான் விற்றது. வாங்கிய நாள் முதல் அது ஒரு கேரட்டைக்கூட ஒழுங்காகச் சீவியதில்லை. ஆனாலும் பெரியம்மை அதைப் பழைய சாமான்காரனுக்குப் போடமாட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, "நம்ம பயலுக்க முதல் உத்தியோகம் இதாக்கும்" என்று சொல்வதற்கு ஒரு சாட்சி வேண்டாமா?

பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, நாகர்கோவிலில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. ஆறே மாதத்தில் மேனேஜர்.' எங்கள் பக்கத்தில் ஏத்தன் கன்று நட்டால்கூட ஆறு மாதத்தில் குலை தள்ளாது. நான் மேனேஜர் ஆகிவிடுவேனாம். நம்பினேன்.

மீனாட்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடி. பத்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் இங்கிலீஷில் ஒரு பொன்மொழி. கழுகுப் படம் மாட்டிய ஆபீஸுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது பிற்பாடு கற்றுக்கொண்டது. 500 ரூபாய் டெபாசிட், திருப்பித் தருவோம் என்றார்கள். எப்போது தருவீர்கள் என்று ஒரே ஒருவன் கேட்டான். 'நெகட்டிவ் திங்கிங்' என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். நாங்களும் அவனைப் பாவமாகத்தான் பார்த்தோம். அவன் இப்போது பேங்கில் சீனியர் மேனேஜர்.

காலை எட்டரைக்கு வட்டமாக நின்று கைதட்டுவோம். 'நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறேன்' என்று மூன்று தடவை கத்துவோம். அது முடிந்ததும் ஆளுக்கொரு பை தருவார்கள். பைக்குள் பன்னிரண்டு காய்சீவி. வடசேரியைத் தாண்டி ஒழுகினசேரி வரை வீடு வீடாக ஏறினேன். பன்னிரண்டாவது வீட்டுக் கதவைத் திறந்தது பெரியம்மை. அவள் வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பது வெயிலில் எனக்கு மறந்தே போயிருந்தது.

"என்ன மக்கா, டையெல்லாம் கெட்டிட்டு? பெண்ணு பாக்கப் போறியா?"

நான் மனப்பாடம் செய்திருந்த பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். 'குட்மார்னிங் மேடம்' என்பது உட்பட. பெரியம்மை என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வீட்ல அரிசி இருக்குல்லா?" அன்றைக்கு விற்ற ஒரே காய்சீவி அதுதான். மூன்றாம் வாரம் மாடி பூட்டிக் கிடந்தது. கழுகையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதிலிருந்து எனக்கென்று ஒரு சட்டம் வகுத்துக்கொண்டேன்: வேலைக்குப் பணம் கேட்டால் பிராடு, கேட்காவிட்டால் யோக்கியன். இருபத்தாறு வருஷம் இதைச் சொல்லியே ஊரில் பெரிய மனுஷன் ஆனேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நின்று வாசிப்பது என் பொழுதுபோக்கு. 'பார்ட் டைம் வேலை. மாதம் 18,000 முதல் 45,000 வரை.' அந்த 'வரை' யாருக்கும் கிடைத்துப் பார்த்ததில்லை. 'ஃப்ரெஷர் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்.' இதை எழுதியவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விளக்கம் கேட்க ஆசை. 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி' என்பது இன்னும் விசேஷம். பதிவுக் கட்டணம் கட்டி, ராப்பகலாக டைப் அடித்து அனுப்பினால் சம்பளம் வராது. நீ அடித்ததில் பிழை இருக்கிறது, நஷ்டஈடு கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் வரும். தமிழ்நாட்டில் எழுத்துப்பிழைக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடையாது.

என் தங்கச்சி மகன் இன்ஜினீயரிங் முடித்தான். ஆரல்வாய்மொழியிலிருந்து மார்த்தாண்டம் வரை எங்கள் மாவட்டத்தில் காற்றாலைக்கும் இன்ஜினீயரிங் கல்லூரிக்கும் போட்டி. காற்றாலைக்காவது ஆனி ஆடியில் வேலை இருக்கும். மாமன் சொத்து மருமகனுக்குப் போகும் மருமக்கள்வழியெல்லாம் சட்டப்படி ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் மருமகனுக்கு வேலை கிடைக்காவிட்டால் ஊர் மாமனைத்தான் கேட்கும்.

2022 ஓணம். பெரியம்மை வீட்டில் இலை போட்டு அவியல், எரிசேரி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் போன்; ஸ்பீக்கரில் போட்டான். துபாயிலிருந்து ஒரு ஏஜென்ட், நல்ல தமிழ். தாய்லாந்தில் வேலை. பதவி: 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்.' எனக்கு லேசாகத் தொண்டை அடைத்தது. நம்ம பழைய பதவிதான், முன்னால் ஒரு 'டிஜிட்டல்' கூடியிருக்கிறது. போனிலேயே பத்து நிமிஷ இன்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட், ஆள் செலக்ட்.

"பணம் ஏதாவது கட்டணுமா?" என்று என் சட்டத்தை எடுத்து நீட்டினேன்.

"ஒரு பைசா வேண்டாம் சார். விசா, ஹோட்டல் எல்லாம் கம்பெனி பார்த்துக்கும். திரும்பி வர்ற டிக்கெட்கூட இப்பவே போட்டுத் தந்துருவோம்."

மருமகனைப் பார்த்துத் தலையாட்டினேன். ஆள் பாஸ்.

பெரியம்மை பாயசச் செம்பைக் கீழே வைத்தாள். "போறதுக்கு முந்தியே திரும்பி வார டிக்கெட்டு எதுக்குவே? நீரு எந்த ஊரு?"

"துபாய்ம்மா."

"துபாயில எங்கன?"

"சிட்டிலதான்ம்மா."

"எதிர்வீட்டுக்காரிக்க மாப்பிள்ளை அங்கதான் டிரைவரா நிக்கான். உமக்க ஆபீஸ் எந்த ரோடு, எத்தனாவது மாடின்னு சொல்லும். நாளைக்கே போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுகேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கம்பெனி பேரு என்னவே?" என்றாள். அது ஜாயினிங் லெட்டரில் இருக்கும், லெட்டர் ஏர்போர்ட்டில் கைக்கு வரும் என்றார்.

"தாலி கெட்டினதுக்குப் பொறவுதான் மாப்பிள்ளைக்க பேரைச் சொல்லுவியளோ?"

லைன் அறுந்தது. மறுநாள் அந்த நம்பரில் இருந்த டை கட்டிய போட்டோவும் இல்லை. "நல்ல சான்ஸைக் கெடுத்துட்டியளே ஆச்சி" என்று மருமகன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 24 அன்று வெளியுறவுத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது. அதே பதவிப் பெயர், எழுத்துப் பிசகாமல். தாய்லாந்து என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குள் இறக்கி, காவலுக்கு ஆள் நிறுத்தி, இணையத்தில் ஊரை ஏமாற்றும் வேலையைச் செய்யவைத்திருக்கிறார்கள். அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில்கூட தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டிலிருந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் ஏற்றிவந்தார்கள். மருமகன் அந்த எச்சரிக்கையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆச்சிக்கு மட்டிப்பழம் வாங்கி வந்தான்.

நான் என் சட்டத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அசல் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிந்தவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிந்த ஏஜென்ட் 30,000 ரூபாய் வரையும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் ரசீது கொடுத்து வாங்கலாம். ஆக, யோக்கியன் பணம் கேட்பான். இருபத்தாறு வருஷமாக என் சட்டத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மருமகனுக்கு மறு வருஷம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தது. சம்பளம் சுமார்தான், தினமும் ரயில். ஆஃபர் லெட்டரை நான் மூன்று நாள் வைத்து ஆராய்ந்தேன். பெரியம்மை அதைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரு நாள் காலை அவனோடு ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கினாள். சாயங்காலம் தனியாகவே திரும்பி வந்து, திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஆபீஸ் இருக்கு மக்கா. வாட்ச்மேன் குலசேகரத்துக்காரன்."