நள்ளிரவில் வந்தாரை வாழவைக்கும் ஊர்

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர்ப் பக்கமிருந்தும் வரும் விமானங்கள் பல, சென்னையில் நள்ளிரவுக்கு மேல்தான் இறங்குகின்றன. மெட்ரோ ரயிலோ இரவு 11 மணிவாக்கில் ஓய்ந்துவிடும். இதைக் குறை சொல்வது அநியாயம். ஊரே தூங்கும்போது ரயில் மட்டும் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

மணிக்கணக்கில் முடங்கிக் கிடந்த கால்களுக்கு நடை நல்லது. அதற்காகவே செயலியில் பிடித்த கார் வாசலுக்கு வராது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நாம்தான் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போக வேண்டும். பேட்டரி வண்டி உண்டு. முதியோருக்கு முன்னுரிமையாம், வரிசையில் நின்றால் மற்றவர்களும் அந்தத் தகுதியை எட்டிவிடலாம்.

அப்புறம் ஓட்டுநரின் அன்பான அழைப்பு. "சார், டிராப் எங்க? கேஷா, ஆன்லைனா?" ஆலந்தூர் என்று சொல்லிப் பாருங்கள். சவாரி ரத்து! இத்தனை பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு கார் கேட்கலாமா என்று நமக்கே உறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அரசும் இந்தக் குறையைக் கவனித்துவிட்டது போலும். புதிய விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். இனி எந்த ஓட்டுநரும் சின்ன சவாரி என்று முகம் சுளிக்க முடியாது. அவ்வளவு தூரம் காரில் வர அலுப்பாக இருந்தால், பரந்தூரிலிருந்து நகரத்துக்கு ஒரு குட்டி விமானம் விட்டால் போயிற்று. இறக்க இடமா இல்லை? மீனம்பாக்கம் இருக்கிறதே!